உன் மாமனாரின் இடது கண்

மகனே,

புசல்லாவையிலிருந்து கோப்பி மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரன் வியாழக்கிழமை உன் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தான். ஒரே தாளில் இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். முதல் பக்கத்தில், உன் கல்யாணத்துக்கு நான் போட்டிருக்கும் தேன்கள்ளில் என்ன பழம், என்ன வாசனைச் சரக்கு சேர்க்கிறேன் என்று உன் மாமனாராகப் போகிற சூசை மாமா கேட்கச் சொன்னதாக இருந்தது. மறுபக்கத்தில், கெலிஓயாச் சந்தையில் வெற்றிலை விற்கும் கறுப்பையாவைக் கன்னத்தில் அறைந்ததாக இருந்தது. சூசை மாமாவின் கண்ணைப் பறித்தவன் வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான், என்னைப் பார்த்ததும் "ஒம் மாமன் கண்ணப் பத்தி ஒங்கப்பன்கிட்ட கேளு" என்றான், கை தானாக எழும்பிவிட்டது என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் உன் எழுத்து வழக்கத்தைவிடத் தடிப்பாக இருந்தது. பெருமைப்படும்போது நீ பேனாவை அழுத்துவாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கறுப்பையா சொன்னபடி நீ என்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் அறைந்துவிட்டாய். கேட்டதாகவே வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். உன் மாமனாரின் இடது கண்ணைப் பறித்தவர் கறுப்பையா இல்லை. நான்.

இதை முன்னாலேயே எழுதிவைத்ததற்குக் காரணம் உண்டு. கதை சொல்ல விட்டால் நான் நாலு பேரைச் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்புக்குள்ளேயே நுழைந்து மறுபக்கத்தால் ஓடிவிடுகிற ஆள். முப்பது வருஷமாக அப்படித்தான் ஓடியிருக்கிறேன். உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். நீ பிறந்த வருஷம் காய்ச்சலில் கிடந்தபோது உளறிவிட்டேன். உன் கடிதத்தை நான் சத்தமாக வாசிக்க, அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். அறைந்த இடம் வந்ததும் சுளகைக் கீழே வைத்தாள். "அறைஞ்சது அவன் கை. அதுக்குள்ள இருந்தது ஒங்க கை," என்றாள். பிறகு மைக்கூட்டை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. கண்டி டவுனுக்கு வெளியே இருந்த கோப்பி ஸ்டோரில் பீப்பாய் செய்கிற பட்டறையில் வேலை. தோட்டங்களிலிருந்து வரும் கோப்பியைக் களத்தில் காயவைத்து, உமி நீக்கி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பொறுக்கிக் கொடுப்பார்கள். அதைக் கப்பலுக்கு அனுப்பும் பீப்பாய்களை நாங்கள் செய்தோம். சூசையண்ணன், உன் சூசை மாமாதான், என்னைவிட ஆறு வயது மூத்தவர், பட்டறையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அடுத்தது நான்தான் என்று நானே சொல்லிக்கொள்வேன். எனக்கு வாய் நீளும், அவருக்குக் கை நீளும், எங்கள் சிநேகிதம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. துரையின் தொப்பிக்குள் கோப்பிச் சக்கையை வைப்பேன். உபதேசியார் உட்காரும் கதிரையின் ஒரு காலை மட்டும் அரை விரல் சீவி வைப்பேன். அவர் ஞானோபதேசம் முழுவதும் ஆடிக்கொண்டே சொன்னார், சாத்தானைப் பற்றிச் சொன்ன இடத்தில் கீழேயே விழுந்தார். சூசையண்ணன் சிரித்துவிட்டுத்தான் என்னை அடிப்பார்.

தேன்கள்ளு போட அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. தும்பறைப் பக்கத்திலிருந்து சிங்கள ஆள் ஒருவர் கலயத்தில் மலைத்தேன் கொண்டுவருவார். ஒரு பங்கு தேனுக்கு நாலு பங்கு கொதித்து ஆறிய தண்ணீர் விட்டு, ஒரு அகப்பை கள்ளு மண்டி கலந்து, பீப்பாயில் ஊற்றி வாயைத் துணியால் கட்டிவிடுவார் சூசையண்ணன். இரண்டாம் நாள் பீப்பாய் பேச ஆரம்பிக்கும். காதை வைத்தால் மழை தூரத்தில் வருவதுபோல இருக்கும். அந்தச் சத்தம் தணிந்த பிறகுதான் பழமும் சரக்கும். கறுவாப் பட்டையை நூலில் கட்டித் தொங்கவிட்டு மூன்றாம் நாள் எடுத்துவிடுவார், அதற்கு மேல் விட்டால் கள்ளு மரத்தைக் குடித்ததுபோல ஆகிவிடும். கராம்பு இரண்டு மட்டும், மூன்றாவது போட்டால் நாக்கு செத்துவிடும். இஞ்சியை நசுக்குவார், நறுக்க மாட்டார். தோடம்பழத் தோலில் வெள்ளைப் பகுதி ஒட்டியிருந்தால் என் தலையில் குட்டுவார். எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று இருந்தது. தோட்டத்தில் கோப்பிப் பழத்தை அரைத்துக் கொட்டையை எடுத்துக்கொண்டு சிவப்புத் தோலை ஓடையில் தள்ளிவிடுவார்கள் அல்லவா, அந்தத் தோலைப் புதிதாக வாங்கிவந்து இரண்டு பிடி போடுவார். கள்ளு ரோஜாப்பூ நிறத்துக்கு வரும், தேனின் திகட்டல் போய் ஒரு புளிப்பு நிற்கும். பழம் விழுந்ததும் பீப்பாய் மறுபடியும் பேசும். பழத்தில் இருக்கிற இனிப்பு முழுவதும் தீர்கிறவரை பேசும். அது வாயடைத்து மூன்று நாள் சும்மா இருந்த பிறகுதான் அவர் அடைப்புக்கட்டையை வைத்துத் தட்டுவார். பேசுகிற பீப்பாய்க்கு அடைப்புப் போடுகிறவன் பீப்பாய்க்காரனே இல்லை என்பார். இந்தப் பக்குவத்தை நீ கேட்டாய், எழுதிவிட்டேன். என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்ததை அவர் ஏன் என்னிடம் கேட்கச் சொன்னார் என்று உனக்குத் தோன்றியிருக்காது. எனக்குத் தோன்றியது. அவருக்கும் என் மேல் சந்தேகம் இருக்கிறதோ என்று நேற்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சூசையண்ணனுக்குப் பெண் கொடுக்கப் பேச வந்தார்கள். பெண்ணின் அப்பா பெரிய மீசைக்காரர், வந்து உட்கார்ந்ததும் வாசனை பிடித்துவிட்டார், கள்ளு கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனது நான். போகிற வழியில் நாலு கொச்சி மிளகாயைக் கசக்கி அந்தக் குவளையில் ஊறவைத்தது யார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. மனிதர் ஒரே மூச்சில் குடித்தார். மீசை தனியாக நின்றது, ஆள் தனியாக ஓடினார், தண்ணீர்த் தொட்டிக்குள் முகத்தை வைத்துவிட்டு மாடு மாதிரி கத்தினார். கல்யாணம் நின்றுபோகிற அளவுக்குப் போய், பெண்ணின் அம்மா சிரித்ததால் தப்பியது.

மறுநாள் காலை சூசையண்ணன் என் தலைமயிரைப் பிடித்துப் பட்டறையிலிருந்து இழுத்துக்கொண்டு, பெண்கள் கோப்பி பொறுக்குகிற மண்டபத்துக்குள் போனார். நாற்பது பெண்கள் இருந்திருப்பார்கள். அதில் நான் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணும் இருந்தாள், அவள்தான் பிறகு உன் அம்மா. என் இடது கையை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து, தன் முழங்காலால் மணிக்கட்டை அழுத்திக்கொண்டு, பீப்பாய் வளையம் தட்டுகிற மரக் கொட்டாப்புளியால் சுண்டுவிரலில் ஒரே அடி. எலும்பு உடைந்த சத்தம் காய்ந்த கோப்பிக்கொட்டையை மிதித்ததுபோலச் சின்னதாகத்தான் கேட்டது. "இனிமே ஒன் சேட்டைக்கு ஒம்பது வெரல்தான்டா, எண்ணி எண்ணிப் பண்ணு," என்றார். பெண்கள் சிரித்தார்கள். அடியைவிட அதுதான் எனக்கு வலித்தது, ஏனென்றால் அந்தப் பேச்சு நன்றாக இருந்தது, நான் சொல்லியிருக்க வேண்டியது. என் சுண்டுவிரல் ஏன் வளைந்திருக்கிறது என்று நீ நாலு வயதில் கேட்டாய். வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது என்று சொன்னேன். வண்டி இல்லை. உன் மாமனார்.

அவர் தன் கல்யாணத்துக்கு ஒரு பீப்பாய் போட்டிருந்தார். கோப்பிப் பழத் தோல் போட்டு, பேசி முடித்து, அடைப்பு வைத்து, என் அறைக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் சாக்கால் மூடியிருந்தார். கல்யாண நாள்வரை அது யாருக்கும் தெரியக்கூடாது. அந்தப் பக்கத்தில் குடிக்கிறவன் தவறணையில்தான் வாங்கிக் குடிக்க வேண்டும் என்று சாராயக் குத்தகைக்காரன் உரிமை எடுத்திருந்தான். வீட்டில் போடுகிற கள்ளை மோப்பம் பிடித்து உடைக்க ஒரு ஆள் வைத்திருந்தான். அந்த ஆள்தான் கறுப்பையா. கையில் தடியோடு திரிகிற, யாருக்கும் பிடிக்காத ஆள். தவறணை வாசலில் நாலு பேர் கேட்க, "ஒன் கல்யாணத்தன்னைக்கு அந்தப் பீப்பா ஒடையுதா இல்லையா பாரு," என்று சூசையண்ணனிடம் சொல்லியிருந்தார். அவர் சொன்னது தடியால் உடைப்பதை.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. சூசையண்ணன் அழைப்புச் சொல்ல கம்பளைப் பக்கம் போயிருந்தார். நான் கொட்டிலுக்குள் போய் அடைப்பைக் கழற்றினேன். ஒரு கலயம் பச்சைத் தேன், நன்றாகக் கனிந்த இரண்டு அன்னாசி பிசைந்தது, ஒரு அகப்பை கள்ளு மண்டி எல்லாவற்றையும் உள்ளே ஊற்றி, அடைப்பை வைத்து இறுக்கி அடித்தேன். மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு எல்லார் முன்னாலும் திறக்கும்போது நுரை பீய்ச்சி அவர் தலையோடு குளிக்க வேண்டும். நாற்பது பெண்களும் அதைப் பார்க்க வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான், உன் அம்மாவின் மேல் சத்தியமாக அவ்வளவுதான். ஆனால் முன்னாலேயே கசிந்துவிட்டால் வேடிக்கை கெட்டுப்போகுமே என்று, அடைப்பின் மேல் ஒரு இரும்புப் பட்டையைக் குறுக்கே போட்டு ஆணி அடித்தேன். பிறகு ஸ்டோரிலிருந்து இரண்டு இரும்பு வளையம் எடுத்துவந்து பீப்பாயைச் சுற்றி ஏற்றினேன். கோப்பிப் பீப்பாய் காய்ந்த சரக்குக்குச் செய்வது, கொஞ்சம் கசியும், அழுத்தத்தை விட்டுக்கொடுக்கும். நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேர்த்தியாக ஒரு பீப்பாயை நான் இறுக்கியதில்லை. என் வேலை அன்று கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் சூசையண்ணனுக்கு இன்றைக்கு இரண்டு கண். கையில் கொட்டாப்புளியோடு நிமிர்ந்தபோது, கொட்டிலின் பலகை இடுக்கில் ஒரு முகம் இருந்து விலகியது. கறுப்பையா. அவர் அந்தப் பக்கம் வந்துபோனதை வேறு இரண்டு பேரும் பார்த்திருந்தார்கள்.

பூசை முடிந்து அம்பிட்டிக் கோயில் முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். நல்ல வெயில். பீப்பாயை உருட்டிவந்து கட்டையின் மேல் நிறுத்தினார்கள், உருட்டியது வேறு அதற்கு வெறி ஏற்றியிருக்கும். சூசையண்ணன் இரும்புப் பட்டையைப் பார்த்து என்னைத் தேடினார். நான் செய்த அலங்காரம் என்று நினைத்திருக்க வேண்டும், சிரித்தார், என்னை மன்னித்துவிட்ட சிரிப்பு. வழக்கம்போலக் குனிந்து காதை வைத்தார். பக்கத்தில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள், அவருக்கு எதுவும் கேட்டிருக்காது. நான் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு கல்லின் மேல் ஏறி, சிரிக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பட்டையின் ஒரு முனையைக் கொட்டாப்புளியால் தட்டி நெம்பினார்.

துப்பாக்கிச் சத்தம் அதற்குப் பக்கத்தில் வராது. அடைப்புக்கட்டை அவருடைய இடது கண்ணுக்குள் போய் அடித்தது. பட்டையின் முனை கன்னத்தைக் காதுவரை கிழித்தது. பீப்பாய் வாயிலிருந்து ரோஜா நிறத்தில் நுரை ஆள் உயரத்துக்கு எழும்பி அவர் மேலேயே கொட்டியது, கொஞ்ச நேரத்துக்கு எது கள்ளு, எது ரத்தம் என்று தெரியவில்லை. கோப்பிப் பழத் தோல்கள் அவர் கோட்டில் ஒட்டியிருந்தன. ஈக்கள் உடனே வந்துவிட்டன, தேன் அல்லவா. கல்யாணப் பெண் தன் முக்காட்டை இழுத்துக் கிழித்து அவர் கண்ணில் வைத்து அழுத்தினாள், அது நனைந்துகொண்டே வந்தது. நான் கல்லின் மேல் அப்படியே நின்றேன். வாய் இன்னும் திறந்திருந்தது.

அந்தத் திறந்த வாயிலிருந்து முதலில் வந்த சொல், "கறுப்பையா." ஆமாம், நான்தான் சொன்னேன். யாரோ சொன்னார்கள் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அந்த யாரோ நான். அதற்குப் பிறகு ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. அவர் கொட்டில் பக்கம் வந்ததைப் பார்த்தவர்கள் பார்த்ததாகச் சொன்னார்கள், மிரட்டியதைக் கேட்டவர்கள் கேட்டதாகச் சொன்னார்கள். பீப்பாயை உதைத்து உடைத்து ஆளுக்கு ஒரு பலகை எடுத்துக்கொண்டோம். அம்பிட்டியிலிருந்து டவுனுக்கு இறங்குகிற பாதையில் ஒரு ஓடை குறுக்கே போகுமே, அங்கே அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். இருபது பேர் பலகையோடு வருவதைப் பார்த்தும் ஓடவில்லை. ஓட வேண்டிய காரணம் அவருக்குத் தெரியாது.

முதல் அடி தோளில் விழுந்தது. பிறகு எண்ணமுடியாது. தேன் ஊறிய பலகை உடம்பில் விழுந்தால் ஒரு ஈரச் சத்தம் வரும், அதை இன்றைக்கும் மீன் வெட்டுகிற கடைப் பக்கம் போனால் கேட்கிறேன். ஓடைத் தண்ணீருக்குள் விழுந்தார், முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்கள். கையை ஊன்றி எழும்பப் பார்த்தவர் கண்ணில் நான் பட்டேன். "இவன்டா. இவன் கையிலதான்டா கொட்டாப்பு..." என்றார். அந்தச் சொல்லை முடிக்க நான் விடவில்லை. வாயில் அடித்தேன். பல் தண்ணீரில் விழுந்ததைப் பார்த்தேன். பிறகும் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் பலகையை நெட்டாகத் திருப்பி முழங்காலில் இறக்கினேன், இரண்டு தடவை. கோபத்தில் அடித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்குக் கோபம் இருந்தது, எனக்குப் பயம்தான் இருந்தது. பயத்தில் அடிக்கிற அடி எலும்புவரை போகும்.

எல்லாரும் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். சூசைக்கு நீதான்டா தம்பி என்றார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நொண்டியை வைத்து மோப்பம் பிடிக்க முடியாதென்று குத்தகைக்காரன் அவரைத் துரத்திவிட்டான். ஒற்றைக் கண்ணால் பலகையின் சரிவைக் கணிக்க முடியாதென்று ஸ்டோரில் சூசையண்ணனையும் நிறுத்திவிட்டார்கள். அவர் வண்டி ஓட்டக் கெலிஓயாவுக்குப் போனார், கறுப்பையா வெற்றிலைக் கூடையோடு அங்கேயே போய்ச் சேர்ந்தார். ஓடைக்கரையில் பாதியில் நின்ற அந்த வாக்கியத்தைக் கறுப்பையா முப்பது வருஷமாக முடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார், கேட்டவர்கள் எல்லாம் நொண்டியின் பொய் என்று சிரித்தார்கள். சூசையண்ணனின் பையன்கள் வளர்ந்து ஆளாளுக்கு ஒரு தடவை அவரை அடித்திருக்கிறார்கள். இப்போது நீ. பட்டறையில் முதல் ஆள் நான் ஆகிவிட்டேன். ஒவ்வொரு திருநாளுக்கும் அந்த வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினேன். அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டுதானே நீ முதன்முதலில் அங்கே போனாய், நீ கட்டப்போகிற மதலேன் கதவைத் திறந்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு வீடும் ஒன்றாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதுவும் பேசுகிற பீப்பாய்க்கு அடைப்பு அடிக்கிற வேலைதான்.

ஆகவே நான் கேட்பது இது. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் கறுப்பையாவிடம் போ. சந்தையில் வைத்து அறைந்தாய், சந்தையில் வைத்தே மன்னிப்புக் கேள். அவருக்கு முன்னால் நின்றுகொண்டு பேசாதே, அவரால் நிமிர்ந்து பார்க்க முடியாது, தரையில் உட்கார்ந்து பேசு. அவர் இந்தத் தடவை சொல்லி முடிக்கிறவரை வாயைத் திறக்காதே. பிறகு அவர் வந்தால் அழைத்துக்கொண்டு, வராவிட்டால் தனியாக, சூசை மாமா வீட்டுக்குப் போய் இந்தக் கடிதத்தை அவருக்கு முழுவதும் வாசித்துக்காட்டு. அவருக்கு எழுத்துத் தெரியாது என்பதால் நீ நடுவில் நாலு வரி தாண்டலாம், தாண்டாதே. நான் கல்லின் மேல் சிரிக்க நின்ற இடத்தையும் வாசி. மதலேனும் இருக்கட்டும். கல்யாணம் நிற்கும் என்றால் நிற்கட்டும், மகனே. அவள் உனக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இது தெரியாமல் அவளைக் கட்டினால், நீ ஒவ்வொரு நாளும் அவள் அப்பாவின் முகத்தில் என்னுடைய வேலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாய், இன்னொருவரை அடித்துக்கொண்டும் இருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் பீப்பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். உன் அம்மாவும் வருகிறாள், நான் வழியில் எங்காவது இறங்கிக்கொள்வேன் என்று அவளுக்குச் சந்தேகம். வந்ததும் சூசையண்ணன் அடித்தால் அவர் கையைப் பிடிக்காதே, அவர் பையன்கள் அடித்தாலும் குறுக்கே வராதே. எனக்கு இன்னும் ஒன்பது விரல் நேராக இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில் பாக்கி. நான் அந்தக் கள்ளில் எந்தச் சரக்கும் சேர்க்கவில்லை. தேனும் தண்ணீரும் மண்டியும் மட்டும்தான். கறுவா, இரண்டு கராம்பு, இஞ்சி, வெள்ளை நீக்கிய தோடம்பழத் தோல் எல்லாம் தனியாக ஒரு சீலைத் துண்டில் முடிந்து வைத்திருக்கிறேன். கோப்பி மரங்களில் இப்போது இலையெல்லாம் மஞ்சள் துரு, நல்ல பழத்துக்கு மூன்று தோட்டம் அலைந்து இரண்டு பிடி தோல் கொண்டுவந்தேன். அவற்றைப் போடுவதா, இல்லை பீப்பாயைக் கோடரியால் பிளப்பதா என்று அவர் சொல்லட்டும். பீப்பாயின் வாயில் துணி மட்டும்தான் கட்டியிருக்கிறேன். அவரைக் கூப்பிட்டு, பயப்படாமல் காதை வைத்துப் பார்க்கச் சொல்.

உன் அப்பா